பழைய லென்சுகளும் புதிய கேமராவும்



கவிதை பேச வேண்டிய மேடையில் லென்சைப் பற்றிப் பேசுவதைப் பொறுத்தருள வேண்டும். உதகையில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை இன்று இயங்கவில்லை. பிலிம் சுருளின் காலம் போயிற்று. அத்தோடு லென்சின் காலமும் போயிற்றென்று எண்ணி, ஸ்டூடியோக்காரர் வீட்டுப் பெட்டிகளைப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்புகிறோம். அது தேவையற்ற இழப்பு.

பழைய கேமராவின் வயிற்றுக்குள் ஒரு கண்ணாடி ஏறி இறங்கிற்று. அதற்கு இடம்விட்டு லென்ஸ் தள்ளி நிற்க வேண்டியிருந்தது. எம்42 என்னும் திருகுமறை லென்சுகளுக்கு அத்தொலைவு 45.46 மில்லிமீட்டர். கண்ணாடியில்லாத இன்றைய கேமராக்களில், சோனியின் இ வகையில், அது 18 மில்லிமீட்டர்தான். மிச்சத்தை நிரப்ப ஒரு வெற்று உலோக வளையம் போதும். லென்சே மாட்டவில்லையென்று கேமரா அடம் பிடிக்கும். லென்ஸ் இல்லாமலும் படமெடுக்க இசையும்படி ஒருமுறை அமைத்துவிட்டால் அடங்கிவிடும்.

இனிக் கூர்மை கூட்டுவது நம் விரல். பார்வைத் திரையில் கூர்மையான விளிம்புகள் வண்ணம் பூசிக் காட்டப்படுகின்றன. வேண்டுமிடத்தைப் பெருக்கியும் பார்க்கலாம். பிலிம் காலத்தவருக்கு வாய்க்காத வசதி இது.

நம் மலைக்கு வருவோம். ஏலம் மரநிழலில் வளர்வது. காய்கள் தூரடியில், தரையொட்டிய சரங்களில் பிடிப்பவை. விடியலில் ஜீப்பேறிச் செல்லும் நம் பெண்கள் குனிந்தே பறிக்கிறார்கள். அந்த அரையிருட்டில், முன்னே ஆடும் இலையைத் தானியங்கிக் கருவி பற்றிக்கொண்டு முகத்தை விட்டுவிடுவதுண்டு. கையால் வளையம் திருப்புகிறவர் எந்த முகம் என்று தாமே தீர்மானிக்கிறார். 2018இல் வந்த 'மேற்குத் தொடர்ச்சி மலை' படத்தில் தேனி ஈஸ்வர் இந்த மலை வாழ்வைப் பதிவு செய்தார். அசையாப் படங்களில் அத்தகைய பதிவு இன்னும் போதவில்லை என்பது என் எண்ணம்.

ஜெனித் கேமராவோடு வந்த ரஷ்ய ஹீலியாஸ் 44, ஜெர்மானியரின் பியோத்தார் வடிவமைப்பை அடியொற்றியது. துளையை முழுதும் திறந்தால் பின்னணி இலைகள் சுழல்வதுபோல் விழும். அச்சுழலுக்காகவே படமெடுப்போர் பெருகிவிட்டனர். எதுகைக்காகவே கவிதை எழுதுவோரை நாம் அறிவோமல்லவா?

பழைய தகுமார் 50 மில்லிமீட்டர் லென்சுகள் சிலவற்றில் தோரியம் கலந்த கண்ணாடி உண்டு. நாளடைவில் அது மஞ்சளேறும்; புற ஊதா விளக்கடியில் சில நாள் வைத்தால் பெரிதும் தெளியும். ஆனால் பூஞ்சை அப்படியன்று. நூல்போலப் படர்ந்து கண்ணாடிப் பூச்சையே அரித்துவிடும். நம் மலையின் ஈரத்தில் ஒரு பருவமழையே அதற்குப் போதும். ஆகவே பெட்டியைத் திறந்து, டார்ச் வெளிச்சத்தை லென்சுக்குள் பாய்ச்சிப் பாருங்கள். தெளிவாக இருந்தால் அந்தத் தோல் உறையை எறிந்துவிடுங்கள். ஈரத்தைத் தேக்குவது அதுதான். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.