வட்டமாய் அமர்ந்து கற்கும் பணி



பத்தாண்டு நிறைவு காணும் ஓர் இலக்கிய வட்டத்தின் விழாவில் வட்டத்தைப் பற்றியே பேசுவது பொருத்தமுடையது. கனடா நாட்டுத் தொல்குடியினர் பலரிடையே கூடிப் பேசும் முறை வட்டமாகும். வட்டத்திற்குத் தலைமாடும் இல்லை, கால்மாடும் இல்லை. ஒருவர் பேசுங்கால் பிறர் குறுக்கிடுவதில்லை. தம் முறை வரும்போது பேசாமல் அமைதி காக்கவும் ஒருவருக்கு உரிமையுண்டு. இம்முறை இன்று அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் சமூகப்பணி முதுகலை வகுப்புக்குள்ளும் இடம்பெற்றுள்ளது. அஃது ஏன் வேண்டப்பட்டது, அதனால் விளைவது யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

காயம் செய்த கை

சமூகப்பணி என்றதும் பலருக்கும் அருளும் உதவியும் நினைவுக்கு வரும். கனடாவின் தொல்குடித் தாயர் பலருக்கோ, வாயிலில் வந்து நிற்கும் வண்டியும், குழந்தையைக் கொண்டுசெல்லும் அலுவலருமே நினைவுக்கு வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி 1990களின் பிற்பகுதிவரை ஏறத்தாழ 1,50,000 தொல்குடிக் குழந்தைகள் உறைவிடப் பள்ளிகளுக்கு அனுப்பப்பட்டனர். அங்கே தாய்மொழி பேசியதற்காகத் தண்டனை பெற்ற பிள்ளைகள் பலர். வீடு திரும்பாமலே மாண்டவர் ஆயிரக்கணக்கினர்.

இவ்வரலாற்றில் 1951ஆம் ஆண்டு ஊன்றி நோக்கத்தக்கது. இந்தியர் சட்டம் எனப்பட்ட சட்டத்தின் 1884ஆம் ஆண்டுத் திருத்தம், பாட்லாட்ச் என்னும் கொடைவிழாவைக் குற்றமாக்கியிருந்தது. 1895இல் அத்தடை சமவெளி மக்களின் சடங்குகளுக்கும் விரிந்தது. இத்தடைகள் 1951இல் நீங்கின. ஆனால் அதே ஆண்டுத் திருத்தமே மாகாணச் சட்டங்களைத் தொல்குடி ஒதுக்கிடங்களிலும் செல்லுபடியாக்கியது. அவ்வழியே குழந்தைநலச் சட்டமும் உள்ளே நுழைந்தது. ஒரு கை சடங்கைத் திருப்பித் தந்தது. மறு கை அச்சடங்கைக் கற்கவேண்டிய குழந்தையை எடுத்துக்கொண்டது.

1960கள் தொடங்கி 1980கள்வரை 20,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் இவ்வாறு பிரிக்கப்பட்டு, பெரும்பாலும் வெள்ளையர் இல்லங்களில் வளர்க்கப்பட்டனர் என மதிப்பிடப்படுகிறது. மானிட்டோபா மாகாணத்தில் இதனை ஆராய்ந்த நீதிபதி எட்வின் கிமெல்மன், 1985ஆம் ஆண்டு அறிக்கையில் இதைப் பண்பாட்டு இனப்படுகொலை என்றே சாடினார்.

இதனைச் செய்தவர் அனைவரும் கொடியவர் அல்லர். நன்மை செய்வதாகவே நம்பியவர் பலர். அவர்கள் பெற்ற பயிற்சி வறுமையைக் கண்டபோது அதனைப் பெற்றோரின் புறக்கணிப்பெனப் பெயரிட்டது. பாட்டியும் சிற்றன்னையும் கூடி வளர்க்கும் வீட்டை ஆதரவற்ற வீடெனக் கணக்கிட்டது. எனவே, பழுது தனிமனிதரின் நெஞ்சில் மட்டுமன்றிக் கல்வியிலும் இருந்தது என்பது தெளிவாகும். கல்வியில் நேர்ந்த பழுதைக் கல்வியிலேயே களைதல் வேண்டும்.

மூத்தோர் அமரும் வகுப்பு

ஒன்ராறியோ மாகாணத்தின் வில்ஃபிரிட் லோரியர் பல்கலைக்கழகம் கிச்சனர் நகரில் 2006இல் தொல்குடிச் சமூகப்பணிக்கெனத் தனி முதுகலைப் பிரிவொன்றைத் தொடங்கியது. மானிட்டோபா பல்கலைக்கழகத்திலும் தொல்குடி அறிவை அடிப்படையாகக் கொண்ட முதுகலைப் பட்டம் உண்டு. இத்தகைய வகுப்புகளில் பேராசிரியரோடு சமூகத்தின் மூத்தோரும் ஆசான்களாய் அமர்கின்றனர். மாணவர் நிலத்திடம் சென்றும், சடங்கில் கலந்தும், வட்டத்தில் பேசியும் கற்கின்றனர். உடல், உணர்வு, அறிவு, ஆன்மா என்னும் நான்கும் ஒத்திசைந்தாலன்றி நலம் இல்லை என்பது அங்குப் பாடத்தின் அடிப்படை.

கிரீ இனத்தவரான மைக்கேல் ஹார்ட் 2002இல் வெளியிட்ட நூலின் தலைப்பில் 'மினோ பிமாட்டிசிவின்' என்னும் தொடர் உள்ளது. நல்வாழ்வு என அதனைத் தமிழில் கூறலாம். அந்நல்வாழ்வு தனி ஒருவருக்கு வாய்ப்பதன்று. உறவும் ஊரும் நிலமும் நலம்பெறும்போதே அது முழுமையடையும். அனிஷினாபே இனத்தவரான கேத்தி அப்சலான் 2011இல் வெளியிட்ட நூல், தொல்குடி ஆய்வாளர் அறிவைத் தேடும் முறைகளைத் தொகுத்துரைக்கிறது. ஆய்வாளர் தாம் யார், எவ்வூரினர், எவர் வழியினர் என்பதை முதலில் உரைத்தல் அம்மரபின் ஒழுங்காகும். 'வழக்கு', 'கோப்பு' என்று அலுவலகம் அழைக்கும் ஒருவரை 'உறவினர்' என்று அழைக்கத் தொடங்கினால் செயலும் மாறும். சொல்லின் வலிமையறிந்த கவிஞர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

தீராத முரண்

இவ்வழி இடர்ப்பாடு இல்லாததன்று. பல்கலைக்கழகம் மதிப்பெண் கேட்கும். சடங்கிற்கு மதிப்பெண் இடுவது எங்ஙனம்? அறிவை நாடி வருபவர் மூத்தோரிடம் புகையிலை வைத்துப் பணிந்து கேட்பது பல குடிகளின் மரபு. அங்கு அறிவு கொடையாகும். பல்கலைக்கழகத்திலோ அது கட்டணம் செலுத்திப் பெறுவது. எழுத்தில் வைக்கலாகாத செய்திகளும் அம்மரபில் உண்டு. ஏடுகளால் ஆனதோ பல்கலைக்கழகம். பட்டமில்லா மூதாட்டி பட்டம் பெறவந்தோர்க்குக் கற்பிக்கும்போது, எவர் எவரை மதிப்பிடுவது என்னும் வினா நாள்தோறும் எழும். சடங்கின் புறவடிவத்தை மட்டும் வகுப்புக்குக் கொணர்ந்து, அதிகாரத்தைப் பழைய இடத்திலேயே வைத்துக்கொள்ளும் இடர் எப்போதும் உள்ளது.

பாடத்திட்டம் மட்டுமே காயத்தை ஆற்றிவிடும் என்பதும் மிகையாகும். ஒதுக்கிடக் குழந்தைநலப் பணிகளுக்குப் போதிய நிதி வழங்காது நடுவணரசு பாகுபாடு காட்டியது எனக் கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயம் 2016இல் தீர்ப்பளித்தது. 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, 14 வயதுவரையுள்ள குழந்தைகளுள் தொல்குடியினர் 7.7 விழுக்காடு, வளர்ப்பு இல்லங்களில் வாழும் குழந்தைகளுள் அவர்கள் 53.8 விழுக்காடு. இவ்விரு எண்களுக்கிடையே கிடக்கும் தொலைவே இக்கல்வி கடக்கவேண்டிய வழி.

கடப்பதற்குரிய கதவுகள் திறந்துள்ளன. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 2015இல் விடுத்த 94 பரிந்துரைகளுள் முதலாவதே குழந்தைநலம் பற்றியது. சமூகப் பணியாளர் உறைவிடப் பள்ளி வரலாற்றைக் கற்றாக வேண்டும் என அது வலியுறுத்துகிறது. 2020 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம், தம் குழந்தைகளைக் காக்கும் சட்டங்களைத் தாமே இயற்றத் தொல்குடியினர்க்குள்ள உரிமையை ஏற்றது. அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் 2024இல் அச்சட்டத்தை உறுதிசெய்தது. தம் சட்டத்தைத் தாமே இயற்றும் மக்களுக்கு, அச்சட்டத்தின் உயிரறிந்து பணியாற்றுவோர் வேண்டும். அத்தகையோரை ஆக்குவதிலேதான் இம்முதுகலை வகுப்பின் தகுதி உரைத்துப் பார்க்கப்படும்.

தமிழில் 'பணி' என்னும் சொல் தொழிலையும் குறிக்கும்; வணங்குதலையும் குறிக்கும். சமூகப்பணி நெடுங்காலம் முதற்பொருளை மட்டுமே அறிந்திருந்தது. தான் பிரித்த குடும்பத்தின் மூதாட்டி முன், அவ்வட்டத்தில், தரையோடு தரையாய் அமரும்போது அத்தொழில் இரண்டாம் பொருளையும் கற்கத் தொடங்குகிறது. கற்று முடித்துவிட்டதா என்பதைச் சொல்லும் உரிமை அம்மூதாட்டிக்கே உண்டு, பல்கலைக்கழகத்திற்கு இல்லை.