'ஒன்றுமில்லை' என்றெழுதினான் மன்னன்!

(மன்றக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

1789 ஜூலை 14. பாரிஸ் நகரிலே பாஸ்டில் சிறைக்கோட்டை வீழ்கிறது. அடங்கிக் கிடந்த மக்கள் ஆர்த்தெழுகிறார்கள். அந்த நாளுக்கு நேராக மன்னன் பதினாறாம் லூயி தன் குறிப்பேட்டில் எழுதிய சொல் ஒன்றே ஒன்று — 'ஒன்றுமில்லை!'

கோட்டை சாய்ந்தது, கொற்றவன் ஏட்டிலோ ஒன்றுமில்லை! "பார்த்தீரா மன்னனின் மதியை!" என்று எள்ளி நகையாடியோர் பலர். ஏட்டை முழுவதும் புரட்டியவர்கள் பிறகு விளக்கினார்கள்: அது பெரும்பாலும் வேட்டைக் கணக்கு; அன்று வேட்டையில்லை, அதனால் ஒன்றுமில்லை! ஒரு சொல்லுக்கே இரு பொருள் என்றால், ஒரு புரட்சிக்கு எத்தனை பொருள் எழுதியிருப்பார்கள்!

புரட்சியின் புழுதி அடங்குமுன்பே, 1790-இல், எட்மண்ட் பர்க் இங்கிலாந்திலிருந்து எச்சரித்தார்: மரபை வெட்டுகிறார்கள், மாளப்போகிறார்கள் என்று. மறு ஆண்டே தாமஸ் பெயின் எதிருரைத்தார்: உரிமை என்பது மாண்டுபோன தலைமுறை போடும் பிச்சையன்று என்று.

1847-இல் மிஷ்லேயின் நூல் வெளிவரத் தொடங்கியது. அவருடைய காவியத்துக்குத் தலைவன் தனி மனிதன் அல்லன், மக்கள்! 1856-இல் தோக்வில் எழுதும்போது பிரான்சில் மீண்டும் ஒரு பேரரசன். அவர் கேட்டார்: முடி போயிற்று, முடியாட்சி கட்டிய அதிகாரக் குவியல் போயிற்றா? போகவில்லை, வளர்ந்தது என்றார். 1871-இல் பாரிஸ் கம்யூன் எழுச்சியைக் கண்டு கலங்கிய தேய்ன், 1789-இன் மக்களையும் வெறிக் கும்பலாகவே தீட்டினார். ஓலார் தாந்தோனைப் போற்றினார். அவரிடம் பயின்ற மத்தியேயோ ரொபஸ்பியரை உயர்த்திப் பிடித்தார்.

லெஃபெவ்ர் வந்தார். மாளிகையை விட்டு வயலுக்குப் போனார். வரிக்கணக்கையும் நிலக்கணக்கையும் கிளறி, உழவனின் புரட்சியைக் கண்டெடுத்தார். 1939-இல் அவர் எழுதிய 1789 பற்றிய நூலை, ஹிட்லருக்குப் பணிந்த விஷி ஆட்சி அழிக்க ஆணையிட்டது. நூற்றைம்பது ஆண்டு கழித்தும் நடுங்குகிறான் ஆள்பவன்! வரலாறு வெறும் பழங்கதை என்பவர்கள் இதற்கு விடை சொல்லட்டும்.

1964-இல் காபன் மறுத்தார்: புரட்சியை நடத்தியவர்கள் ஆலை முதலாளிகள் அல்லர், வழக்கறிஞர்களும் சிறு பதவியாளர்களுமே என்று. 1978-இல் ஃபூரே, புரட்சி முடிந்துவிட்டது, சண்டையை விட்டுச் சிந்திப்போம் என்றார்.

நான் நாடகம் எழுதுபவன். மேடை ஒன்றுதான், விளக்கைத் திருப்பினால் இருளில் நின்றவன் முகம் தெரியும். 1938-இல் சி.எல்.ஆர். ஜேம்ஸ் விளக்கைத் திருப்பினார். பிரான்சின் கரும்புக் காலனியிலே விலங்கொடித்த கறுப்பு அடிமைகள் தெரிந்தார்கள். பாரிஸ் மன்றம் 1794-இல் அடிமைமுறையை ஒழித்தது. நெப்போலியன் 1802-இல் மீட்டான். அந்த மக்களோ போரிட்டு 1804-இல் ஹைட்டி நாட்டைக் கண்டார்கள்! பெண்கள் விளக்கைத் திருப்பினார்கள். பெண்ணுரிமைச் சாசனம் எழுதி, 1793-இல் தலை கொடுத்த ஒலிம்ப் தெ கூஜ் தெரிந்தாள்!

அப்படியானால் அவரவர் விருப்பம்போல் எழுதுவதுதான் வரலாறா? அன்று, தோழர்களே! கேள்வி காலத்துக்குக் காலம் மாறலாம், சான்று மாறாது. பாஸ்டிலில் அன்று இருந்த கைதிகள் ஏழே பேர். அதை மறைக்க வேண்டியதில்லை. மக்கள் இடித்தது அச்சத்தின் சின்னத்தை! பயங்கர ஆட்சியில் தீர்ப்பளித்துக் கொல்லப்பட்டோர் மட்டும் ஏறத்தாழ 17,000 பேர். அவர்களை மறைத்து உரிமை பாடுவோனும் பொய்யன். அவர்களை மட்டும் காட்டி ஏழையின் பசியை மறைப்போனும் பொய்யன்.

ஊமையாக இருந்த சிற்றூர்களின் குரல் நமக்கு எப்படிக் கிடைத்தது? 1789-இன் தொடக்கத்தில், பிரதிநிதிகள் சபை கூடுமுன், ஊர்தோறும் மக்கள் தம் குறைகளை ஏட்டில் எழுதினார்கள். உப்பு வரி, பண்ணையாருக்குக் கட்டும் பணம், பயிரை மேயும் பிரபுவின் புறா — எல்லாம் எழுதினார்கள். எழுதியதால் வாழ்கிறார்கள்! ஏட்டில் ஏறாதவன்மீது எந்த விளக்கும் விழாது.

ஆகவே உங்களை வேண்டுகிறேன். கிளைக் கூட்டத்தின் குறிப்பேட்டைக் கரையானுக்குக் கொடுக்காதீர்கள். துண்டறிக்கையைக் காத்து வையுங்கள். சிறை சென்றோர் பெயர், சோறு பொங்கிப் போட்ட தாயின் பெயர், நாளும் இடமும் இட்டு எழுதுங்கள். வெற்றியோடு நம் பிழையையும் எழுதுங்கள். பிழையை நாம் மறைத்தால் மாற்றான் அதைப் பெருக்கி எழுதுவான்.

நாளை நம் பேரன் நம்மைக் கடுமையாகக் கேள்வி கேட்பான். கேட்கட்டும்! அது அவன் உரிமை. ஆனால் நம் காலத்து ஏட்டைத் திறந்து அவன் காணும் சொல், 'ஒன்றுமில்லை' என்பதாக இருக்கலாகாது!