மலைத் தோட்டங்களில் சிமெண்ட் பிளாக் தடுப்புச் சுவர்

(நீலகிரி மலைப்பகுதி உழவர் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



வழக்கமாக உருளைக்கிழங்கு, முட்டைக்கோசு, கேரட் பற்றிப் பேசுவேன். இன்று அவை நிற்கும் மண்ணைப் பிடித்து வைக்கும் சுவரைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மலையில் மேல்மண் ஒருமுறை போனால் அடுத்த ஆண்டே திரும்பி வருவதில்லை. அதைக் காக்கக் கட்டும் சுவரே சாய்ந்தால், போட்ட பணமும் போகும், மண்ணும் போகும்.

எனக்குத் தெரிந்த ஒரு சம்பவத்திலிருந்து தொடங்குகிறேன். குந்தா பக்கத்தில் ஒரு கேரட் விவசாயி, 2019 மார்ச் மாதத்தில் தம் நிலத்தின் கீழ்ப்பக்கத்தில் ஆறடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் சுவர் கட்டினார். நல்ல சிமெண்ட், நல்ல கொத்தனார். அந்த வழியாகப் போன என்னை அழைத்துக் காட்டினார். நானும் பார்த்துவிட்டு, "சுவர் அருமையாக இருக்கிறது" என்று பாராட்டிவிட்டு வந்தேன். சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் எங்கே போகும் என்று நான் கேட்கவில்லை. அந்த ஆண்டு ஆகஸ்டில் மேற்குப் பகுதியில் மழை கொட்டியது. அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீட்டருக்கு மேல் பதிவாயிற்று. அந்த வாரத்தில் ஒரு நாள் இரவு சுவர் முப்பதடி நீளத்துக்கு அப்படியே சாய்ந்து, கீழே இருந்த அவருடைய அண்ணன் நிலத்தில் மண்ணைக் கொட்டிவிட்டது. உயிர்ச்சேதம் இல்லை. ஆனால் அண்ணன் தம்பி இருவருக்கும் இன்றும் பேச்சுவார்த்தை இல்லை. நான் அன்று கேட்க மறந்த கேள்விதான் இன்றைய உரையின் பொருள்.

சுவரைத் தள்ளுவது எது?

சுவரை மண் தள்ளுகிறது என்று நினைக்கிறோம். மண்ணைவிட அதிகமாகத் தள்ளுவது தண்ணீர். 4 அடி (1.2 மீட்டர்) உயரச் சுவரின் பின்னால் நீர் வடிந்த மண் இருந்தால், ஒரு மீட்டர் நீளச் சுவரின் மீது விழும் தள்ளுவிசை சுமார் 430 கிலோ. அதே மண்ணில் உச்சி வரை நீர் தேங்கி நின்றால் அது 900 கிலோவைத் தாண்டும். சுவர் அதே சுவர், மண் அதே மண். சுமை மட்டும் இரட்டிப்பாகிறது. ஆகவே சுவர் எவ்வளவு கனம் என்று கேட்பதற்கு முன், தண்ணீருக்கு வழி எங்கே என்று கேட்க வேண்டும்.

இரண்டாவது, உயரம். உயரம் இரட்டித்தால் தள்ளும் விசை நான்கு மடங்காகும். சுவரைக் கவிழ்க்கும் விசையோ எட்டு மடங்காகும். எனவே எட்டடிச் சுவர் ஒன்றுக்குப் பதிலாக, போதிய இடைவெளி விட்டு நாலடிச் சுவர் இரண்டு கட்டுவது மேல். நான் இங்கே சொல்லும் அளவுகள் 4 அடி வரைக்குமே பொருந்தும். பின்புற நிலம் சமமாக இருக்க வேண்டும். அதன் மேல் வீடோ, வண்டிப் பாதையோ இருக்கக் கூடாது. அதற்கு மேற்பட்ட சுவரைப் பொறியாளரின் வரைபடம் இல்லாமல் தொடாதீர்கள்.

குளிர் என்ன செய்யும்?

கனடா போன்ற நாடுகளில் குளிர்காலத்தில் தரையே மூன்று நான்கு அடி ஆழம் உறைந்துபோகிறது. அங்கே அந்த ஆழத்துக்கும் கீழே அடித்தளம் போடுகிறார்கள். உதகையில் தரை அவ்வாறு உறைவதில்லை. ஆனால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுவது நீங்கள் அறிந்ததே. நீர் உறையும்போது பருமனில் சுமார் 9 சதவீதம் விரிகிறது. நீர் குடித்த மட்டமான பிளாக்கில் இரவில் உறைந்து, பகலில் உருகி, மறுபடி உறைந்தால், அதன் முகம் பொருக்குப் பொருக்காக உதிரும். உச்சி மூடப்படாத ஹாலோ பிளாக்கின் துளைக்குள் மழைநீர் இறங்கினால் உள்ளிருந்தே விரிசல் விடும்.

குளிரின் இன்னொரு கெடுதல், சிமெண்ட் இறுகுவது மந்தமாவது. 5 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகல் மிகவும் மெதுவாகும். புதிதாகப் போட்ட கான்கிரீட் முதல் இரவிலேயே உறைந்துவிட்டால், பிறகு எத்தனை நாள் தண்ணீர் விட்டாலும் முழு வலிமை வராது. சீக்கிரம் இறுகட்டும் என்று சிலர் கலவையில் உப்பு சேர்க்கிறார்கள். இது கூடவே கூடாது. உப்பு உள்ளிருக்கும் கம்பியைத் துருப்பிடிக்கச் செய்துவிடும்.

எப்போது கட்டலாம்?

நமக்கு ஏற்ற காலம் மார்ச் முதல் மே நடுப்பகுதி வரை. உறைபனி முடிந்திருக்கும், தென்மேற்குப் பருவமழை தொடங்கியிருக்காது. பனிக்காலத்தில் கட்டியே ஆகவேண்டுமானால், காலை வெயில் ஏறிய பிறகு தொடங்கிப் பிற்பகல் 2 மணிக்குள் கான்கிரீட் வேலையை முடித்துவிடுங்கள். மாலையில் சாக்கு, வைக்கோல் போட்டு மேலே தார்ப்பாய் மூடுங்கள். முதல் மூன்று நான்கு இரவுகள் இது மிகவும் அவசியம்.

மண் வெட்டும் முன் அனுமதி பெறுவதையும் மறக்க வேண்டாம். நீலகிரியில் சரிவை வெட்டுவதற்கும், மண் அள்ளும் இயந்திரம் கொண்டுவருவதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. 2009 நவம்பர் மழையில் இம்மாவட்டத்தில் பல நூறு இடங்களில் மண் சரிந்து, நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை நினைவில் கொண்டால், அந்தக் கட்டுப்பாடு நமக்காகவே என்பது விளங்கும்.

பிளாக்கைச் சோதித்து வாங்குங்கள்

16 அங்குல நீளம், 8 அங்குல அகலம், 8 அங்குல உயரம் உள்ள பிளாக் இவ்வேலைக்கு ஏற்றது. வார்த்து 28 நாள் ஆனதாக இருக்க வேண்டும். தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; விளிம்பை நகத்தால் சுரண்டினால் மணல் உதிரக் கூடாது. இவற்றோடு நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. நன்கு காய்ந்த பிளாக் ஒன்றை எடை போடுங்கள். 24 மணி நேரம் தண்ணீரில் மூழ்க வைத்து, ஈரத்தைத் துடைத்து மறுபடி எடை போடுங்கள். எடை பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடக் கூடாது. 20 கிலோ பிளாக் 22 கிலோவுக்கு மேல் போனால் அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிடுங்கள். அதிகம் நீர் குடிக்கும் பிளாக் உறைபனிக்குத் தாங்காது.

கட்டும் முறை

1. 18 அங்குல ஆழம், 3 அடி அகலம் வானம் தோண்டுங்கள். அடியில் இளமண்ணோ, கொட்டிய மண்ணோ, வேரோ இருந்தால் கெட்டி மண் தட்டுப்படும் வரை ஆழப்படுத்துங்கள். நீர் ஊற்று தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிட்டுப் பொறியாளரைக் கேளுங்கள்.

2. அதில் 10 அங்குல கனத்துக்குக் கான்கிரீட் அடித்தளம் போடுங்கள். சிமெண்ட் 1, மணல் 1½, ஜல்லி 3 என்பது கலவை. ஒரு மூட்டை சிமெண்டுக்குத் தண்ணீர் 25 லிட்டருக்கு மேல் வேண்டாம். கலவை இளகினால் வேலை சுலபம். ஆனால் மிகுதியான நீர் வெளியேறிய இடமெல்லாம் நுண்துளையாகி, அதில் பிறகு மழைநீர் புகுந்து உறையும்.

3. சுவர் அடித்தளத்தின் நடுவில் நிற்கக் கூடாது. முன்பக்கம் 10 அங்குலம் விட்டுச் சுவரை நிறுத்தி, மீதி அகலம் முழுவதும் பின்புறம் மண்ணுக்கு அடியில் இருக்கட்டும். அதன் மேல் அமரும் மண்ணே சுவரைக் கவிழாமல் பிடித்துக்கொள்ளும்.

4. அடித்தளம் போடும்போதே 16 அங்குலத்துக்கு ஒன்றாக 12 மி.மீ. கம்பியை 'ட' வடிவில் வளைத்து நிறுத்துங்கள். வளைந்த கால் முன்பக்கம் நோக்கியும், நிற்கும் பகுதி பிளாக் துளைக்குள் மண் இருக்கும் பக்கமாகவும் இருக்க வேண்டும். சுவர் வெளியே வளையும்போது இழுபடுவது மண் பக்கம்தான். கம்பியை முன்பக்கம் வைத்தால் அது வீணே. அடித்தளத்தின் குறுக்குக் கம்பிகளை ஒரு பொறியாளரிடம் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

5. ஒன்றுக்கு நான்கு சிமெண்ட் கலவையில், நூல் பிடித்து, ரசமட்டமும் தூக்குக்குண்டும் பார்த்து, மூட்டு மேல் மூட்டு வராமல் ஆறு வரிசை வையுங்கள். முதல் வரிசை முன்பக்கத் தரைக்குள் புதைந்திருக்கும். இரண்டு மூன்று வரிசைக்கு ஒருமுறை எல்லாத் துளைகளிலும் சிறு ஜல்லிக் கான்கிரீட் நிரப்பிக் கம்பியால் குத்திவிடுங்கள். 20 அடிக்கு ஓர் இடத்தில் சுவரை மேலிருந்து கீழ் வரை பிரித்து இணைப்பிடைவெளி விடுங்கள்.

6. உச்சியில் இரண்டு பக்கமும் சற்று நீட்டி, முன்பக்கம் சரியும்படி கான்கிரீட் மூடி போடுங்கள். சுவரின் மண் பக்கத்துக்குத் தார் பூசுங்கள்.

7. பத்து நாளாவது நனைத்து வையுங்கள். பனி நாளில் மாலையில் தண்ணீர் தெளிக்காதீர்கள். முற்பகலில் நனைத்து, சாக்கு போட்டு மூடுங்கள்.

தண்ணீருக்கு வழி

இனிச் சொல்வதுதான் குந்தாச் சுவரில் இல்லாதது. தரை மட்டத்துக்குச் சற்று மேலே, ஐந்தடிக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாயை முன்பக்கம் சரித்து, சுவர் கட்டும்போதே பதித்துவிடுங்கள். இவை வடிதுளைகள். சுவரின் பின்னால் அடித்தளத்தின் மேல் துளையிட்ட 4 அங்குல பி.வி.சி. குழாயை, நூறு அடிக்கு ஓரடி வாட்டத்தில் படுக்க வையுங்கள். அதன் மேல் சுவரை ஒட்டி ஓரடி அகலத்துக்குக் கழுவிய ஜல்லியை நிரப்புங்கள். ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே ஜியோ டெக்ஸ்டைல் என்னும் வடிகட்டித் துணியை விரியுங்கள். துணி இல்லாவிட்டால் நம் களிமண் ஜல்லிக்குள் புகுந்து சில மழையிலேயே அடைத்துவிடும். உச்சியில் ஓரடிக்குக் கெட்டி மண் போட்டு, மேல்நீர் உள்ளே இறங்காமல் செய்யுங்கள்.

நம் மலையின் படிமட்டங்கள் உட்புறம் சரிந்திருப்பது நல்லது. அப்போது மழைநீர் சுவர் உச்சிக்கு வராமல் மேட்டின் அடியில் உள்ள வாய்க்காலில் இறங்கிப் பக்கவாட்டில் ஓடைக்குப் போகும். வடிதுளையின் நீரையும் கல் பாவிய வாய்க்காலில் விடுங்கள். கீழ் நிலத்துக்காரர் தலையில் விடாதீர்கள்.

சுவர் முடிந்து மூன்று வாரம் கழித்துப் பின்புறம் மண் நிரப்பத் தொடங்கலாம். பனிக்காலமானால் நான்கு வாரம் பொறுங்கள். அரையடி அரையடியாகப் போட்டுக் கையால் திமிசு கட்டுங்கள். இயந்திரத்தைச் சுவர் அருகே ஓட்டாதீர்கள்.

மழையில் போய்ப் பாருங்கள்

நிரப்பி முடித்ததும், கெட்டி மண் போடும் முன், ஜல்லியின் மேல் நான்கு குடம் தண்ணீர் ஊற்றுங்கள். சிறிது நேரத்தில் முன்னே வடிய வேண்டும். பிறகு ஆண்டுதோறும் ஜூனுக்கு முன்பும் அக்டோபருக்கு முன்பும் துளைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். பெருமழையின்போது குடையுடன் போய்த் தள்ளி நின்று பாருங்கள். தெளிந்த நீர் வந்தால் சுவர் நலமாக இருக்கிறது. கலங்கல் நீர் வந்தால் பின்னாலிருந்து மண் கரைகிறது. மற்ற ஆண்டு வடிந்த துளை மழையிலும் வறண்டிருந்தால் அதுதான் பேராபத்து. நீர் உள்ளே தேங்கிவிட்டது. சுவர் வயிறு தள்ளினாலோ, குறுக்கே விரிசல் ஓடினாலோ, கீழே இருப்பவர்களை முதலில் எழுப்புங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. எல்லா மேட்டுக்கும் பிளாக் சுவர் தேவையில்லை. இரண்டு மூன்று அடி மேட்டுக்கு நம் பெரியவர்கள் சிமெண்ட் இல்லாமல் அடுக்கிய கல்கட்டே போதும். கல் இடுக்கெல்லாம் அதற்கு வடிதுளை. வீடு, பாதை, பக்கத்து நிலம் என்று கீழே காக்க ஒன்று இருக்கும் இடத்தில் மட்டும் சிமெண்டில் பணம் போடுங்கள்.

குந்தா விவசாயி மறு ஆண்டு அதே இடத்தில் நாலடியாக இரண்டு சுவர் கட்டினார். இம்முறை நான் பாராட்டுவதற்கு முன் குழாய்களை எண்ணிப் பார்த்தேன். நீங்களும் உங்கள் கொத்தனாரிடம் கூலி பேசும் முன், "பின்னால் வரும் தண்ணீர் எங்கே போகும்?" என்று கேளுங்கள். விடை கிடைத்த பிறகே வானம் தோண்டுங்கள்.