வெல்ல வண்டியும் ஊர்ப் புகையும்

(ஜேடர்பாளையம் விவசாயிகள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ராஜவாய்க்கால் பாயும் இப்பகுதியில் விளையும் கரும்பு, ஆலைக் கொட்டகைகளில் வெல்லமாகி, வண்டியேறிப் பிலிக்கல்பாளையம் ஏலச் சந்தைக்குச் செல்கிறது. அவ்வண்டிகளைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் இரண்டரைக் கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளிப்படுகிறது. டீசல் புகை புற்றுநோய் விளைவிக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-ஆம் ஆண்டில் அறிவித்தது. 2020 ஏப்ரல் முதல் நடைமுறையிலுள்ள பாரத் ஸ்டேஜ் 6 விதிப்படி அமைந்த வண்டிகளில் நச்சுப் புகை குறைவு. ஆயினும் புது வண்டி வாங்குதல் எல்லோர்க்கும் இயலாது. இருக்கும் வண்டியைச் செம்மையாக நடத்துதல் எவர்க்கும் இயலும்.

நான்கு கொட்டகைக்காரர்கள் தனித்தனியே பாதிச் சுமையுடன் நான்கு வண்டிகள் அனுப்புவதாகக் கொள்வோம். சேர்ந்து அனுப்பினால் இரண்டே போதும். வாடகையும் மிச்சம், புகையும் குறையும். "என் சிப்பம் மாறிவிடுமே" என்னும் ஐயம் நியாயமானதே. சிப்பத்தின்மீது அவரவர் குறியிட்டு, ஏற்றும்போதே எண்ணிக்கையைச் சீட்டில் எழுதி, வாடகையைச் சிப்பக் கணக்கில் பகிர்ந்துகொண்டால் சச்சரவுக்கு இடமில்லை.

அளவுக்கு மீறிய பாரம் கூடாது. டயரில் காற்று குறைந்தால் டீசல் கூடுதலாகச் செலவாகும். சரக்கை ஏற்றி இறக்கும்போது இஞ்சினை நிறுத்திவிடல் வேண்டும்.

சந்தைக்கு முந்தின நாள், எவரிடம் எத்தனைச் சிப்பம் உள்ளதென்று ஊராட்சி அலுவலகப் பலகையில் எழுதிவைக்கும் ஏற்பாட்டை உறுப்பினர்கள் முன்னின்று செய்ய வேண்டுகிறேன். செலவு மிகச் சிறிது. பயனோ ஊர் முழுவதற்கும் உரியது.