சிறு கட்டளையும் பெரும் பயனும்

(ஊராட்சி உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்குமான பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

கணினியைப் பற்றிப் பேசப் போகின்றேன் என்றதும், "அஃது எழுத்தர் பார்க்கும் வேலையாயிற்றே; ஏர் பிடிக்கும் நமக்கும் அதற்கும் என்ன தொடர்பு?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். தொடர்பு உண்டு என்பதை ஒரு நிகழ்ச்சியைக் கொண்டே சொல்கின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒன்றியத்தில், வீட்டில் கழிப்பறை கட்டியோருக்கு ஊக்கத்தொகையாக ரூ.12,000 வழங்கப்பட்டு வந்தது. கணவரை இழந்த மூதாட்டி ஒருவர் செங்கல்லும் சிமெண்டும் கடனாக வாங்கிக் கழிப்பறையைக் கட்டி முடித்தார். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. பணம் மட்டும் வந்து சேரவில்லை. கடன் கொடுத்தவரோ நாள்தோறும் வாசலில் வந்து நின்றார். அந்த அம்மையார் மூன்று முறை அலுவலகப் படியேறிய பின்னரே காரணம் தெரிந்தது. வங்கிக் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் சுழியம் இருக்கவேண்டிய இடத்தில் "ஓ" என்னும் ஆங்கில எழுத்து விழுந்திருந்தது. தட்டச்சு செய்தவரை நான் குறை கூறவில்லை. ஒரே மாதிரியான நூற்றுக்கணக்கான வரிகளை மாலை வரையில் பதிந்த கை அது. சரிபார்த்துக் கையெழுத்திட்டவன் நான். என் கண்ணுக்கும் அது சுழியமாகவே தெரிந்தது.

அன்றுதான் ஓர் உண்மையை உணர்ந்தேன். திரும்பத் திரும்பச் செய்யும் வேலையில் மனிதன் களைப்படைகின்றான், இயந்திரம் களைப்படைவதில்லை. ஆகவே அத்தகைய வேலையை இயந்திரத்திடம் விடுவதே முறை.

உங்களில் பலர் கிணற்று மோட்டாருக்கு ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தியிருப்பீர்கள். மின்சாரம் போய்த் திரும்பி வந்ததும் மோட்டார் தானே ஓடத் தொடங்குகின்றது. நள்ளிரவில் எழுந்து வயலுக்கு நடக்க வேண்டியதில்லை. "இன்னது நேர்ந்தால் இன்னது செய்" என்று முன்கூட்டியே சொல்லி வைத்த கட்டளை அது. கணினிக்கும் இவ்வாறே கட்டளை எழுதி வைக்கலாம். இதனை "ஸ்கிரிப்ட்" என்று கூறுகின்றார்கள். ஐந்தாறு வரிகளே போதும்; அதற்காகப் பெரும் படிப்புப் படித்திருக்க வேண்டுவதில்லை.

எங்கள் அலுவலகத்தில் செய்ததைக் கேளுங்கள். ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டில் 11 எழுத்துக்கள் உண்டு. முதல் நான்கும் வங்கியைக் குறிக்கும். ஐந்தாவது எப்பொழுதும் சுழியமே. எனவே எக்செல் அட்டவணையில் ஒரு சிறு சூத்திரம் எழுதினோம். நீளம் 11 அல்லவென்றாலும், ஐந்தாம் இடத்தில் சுழியம் இல்லையென்றாலும் அந்த வரி சிவப்பாகிவிடும். எழுதுவதற்கு அரை மணி நேரமே ஆயிற்று. அன்றுமுதல் அந்தப் பிழை எங்கள் மேசையைத் தாண்டிச் சென்றதில்லை.

கணக்கு எண்ணிலும் ஓர் இடையூறு உண்டு. எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களையே காக்கும். 16 இலக்கமுள்ள கணக்கு எண்ணை வெறும் எண்ணாகப் பதிந்தால் கடைசி இலக்கம் சுழியமாக மாறிவிடும்; முன்னால் நிற்கும் சுழியங்களோ மறைந்தே போகும். அந்தப் பத்தியைப் பதியத் தொடங்குமுன்பே "எழுத்து" வகையாக மாற்றிவிட்டால் இத்தொல்லை இல்லை. அதன்பின் இருவர் தனித்தனியே பதிந்து, இரண்டும் ஒத்திருக்கின்றனவா என்று கணினியையே ஒப்பிடச் சொல்ல வேண்டும். வரப்பைப் பங்காளிகள் இருவரும் அளந்து பார்ப்பது போன்ற முறை இது.

இனி, இன்றே நீங்கள் தொடங்கக்கூடிய சிலவற்றைச் சொல்கின்றேன்.

முதலாவது, குறுக்குவழி விசைகள். கண்ட்ரோல் விசையுடன் "சி" நகலெடுக்கும், "வி" ஒட்டும், "இசட்" செய்த தவற்றை மீட்கும், "எஸ்" சேமிக்கும். நகலெடுத்து ஒட்டும் இம்முறை கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில் 1970களில் லாரி டெஸ்லரும் அவருடன் உழைத்தோரும் உருவாக்கியது. ஒரே சொல்லை இருமுறை எழுதும் சிரமத்தைத் தவிர்க்கும் இம்முறையின் பயனை இன்று உலகமே நுகர்கின்றது.

இரண்டாவது, கைப்பேசியில் சுருக்கெழுத்து. விசைப்பலகையின் சொந்த அகராதியில் இரண்டெழுத்தைப் பதிந்து, அதற்கு ஈடாக உங்கள் முழு முகவரியையும் வைத்துக்கொள்ளலாம். இரண்டெழுத்துத் தட்டினால் முகவரி முழுவதும் முன்வந்து நிற்கும்.

மூன்றாவது, "மெயில் மெர்ஜ்". அழைப்புக் கடிதம் ஒன்று, பெயர்ப் பட்டியல் ஒன்று. இரண்டையும் இணைத்தால் நூறு பேருக்கும் அவரவர் பெயருடன் கடிதம் ஆயத்தமாகும். கிராம சபைக் கூட்டத்திற்கு மகளிர் குழுக்களை அழைக்க இது மிகவும் ஏற்றது.

நான்காவது, "மேக்ரோ". நீங்கள் செய்யும் வேலையை எக்செல் ஒருமுறை பார்த்துப் பதிந்துகொண்டு, மறுமுறை ஒரு விசையில் தானே செய்துவிடும். நாள்தோறும் பத்து நிமிடம் பிடிக்கும் வேலை, மாதம் 25 நாட்களுக்கு 250 நிமிடம். ஆண்டுக்கு 50 மணி நேரம். இரண்டு நாள் பாடுபட்டு மேக்ரோ அமைத்தாலும் லாபமே. ஆண்டுக்கு ஒருமுறை வரும் வேலைக்கு இந்தப் பாடு தேவையில்லை, கையாலேயே செய்துவிடுங்கள்.

நண்பர்களே! எச்சரிக்கையும் கூறவேண்டியது என் கடமை. கிணற்றில் நீர் வற்றியது அறியாமல் ஆட்டோ ஸ்டார்ட்டர் மோட்டாரை ஓட்டினால் மோட்டார் எரிந்துபோகும் அல்லவா? தவறான கட்டளையும் அப்படியே. ஒருவன் கையால் ஒரு தவறு செய்யும் நேரத்தில் அது ஆயிரம் தவறு செய்துவிடும். ஆகையால் மூலக் கோப்பை ஒருபொழுதும் தொடாதீர்கள். நகலில் ஐந்து வரிகளை மட்டும் வைத்துச் சோதித்துப் பாருங்கள். முன்பின் அறியாதார் அனுப்பும் மேக்ரோ கோப்பைத் திறக்காதீர்கள். 1999ஆம் ஆண்டில் "மெலிஸா" என்னும் நச்சு நிரல் மேக்ரோ கோப்பின் வழியாகவே உலகெங்கும் பரவிற்று. கடவுச்சொல்லைக் கட்டளைக்குள் எழுதி வைப்பது, பூட்டிலேயே சாவியைத் தொங்கவிடுவதாகும். கட்டளை என்ன செய்கின்றது என்பதைத் தெளிந்த தமிழில் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். அமைத்தவர் மாற்றலாகிப் போனாலும், அடுத்து வருபவர் இருட்டில் தடுமாற மாட்டார்.

எல்லாவற்றினும் முக்கியமானது ஒன்று. குறியீட்டில் 11 எழுத்து உள்ளதா என்று இயந்திரம் பார்க்கும்; கழிப்பறை உண்மையிலேயே கட்டப்பட்டிருக்கின்றதா என்று பார்க்காது. அதற்கு நாம்தான் தெருவில் இறங்கி நடக்க வேண்டும். எண்களைச் சரிபார்க்கும் வேலையைக் கணினியிடம் ஒப்படைத்து, மிஞ்சும் நேரத்தில் மக்களின் வாசலுக்குச் செல்வோமானால், அதுவே இதனால் விளையும் பெரும் பயன்.

அந்த அம்மையாருக்குப் பணம் பின்னர் கிடைத்துவிட்டது. ஆனால் கடன்காரர் முன் அவர் தலைகுனிந்து நின்ற நாட்களைத் திருப்பித்தர எந்தக் கணினியாலும் இயலாது. அத்தகைய நாள் இன்னொருவருக்கு வாராதிருக்கும் பொருட்டு, ஊராட்சி உறுப்பினர்களாகிய நீங்கள் அடுத்த பட்டியல் அனுப்பப்படும்பொழுது, "இதனைக் கணினி சரிபார்த்ததா? நாமும் பார்த்தோமா?" என்று இரண்டு கேள்விகளையும் கேட்க வேண்டுமென்று கேட்டுக்கொண்டு அமர்கின்றேன்.