முட்டைக் கோழியும் கொழுப்புத் தீனியும்



இலக்கியம் முழங்கும் மேடையில் கோழித் தீனியைப் பற்றிப் பேச எழுந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். யான் கால்நடை மருத்துவன் அல்லேன். புகைவண்டி அலுவலகக் குமாஸ்தா. பிச்சாட்டூரில் முந்நூறு கோழிகளை வைத்துப் பிழைக்கும் என் தமையனார் சென்ற கோடையில் அடைந்த நட்டமே இப்பேச்சுக்குக் காரணம்.

வெயில் ஏற ஏறக் கோழி தீனியைக் குறைக்கும்; முட்டையும் குறையும். "கொழுப்புச் சேருங்கள்" என்று ஒருவர் யோசனை கூறினார். யோசனை பிழையன்று. ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி தரும். கொழுப்போ 9 கலோரி தரும். செரிக்கும்பொழுது உடலில் எழும் சூடும் கொழுப்பினால் குறைவே. ஆனால் தமையனார் மலிவாகக் கிடைத்த மாட்டுக் கொழுப்பை உருக்கி அளவின்றிக் கலந்துவிட்டார். சில வாரங்களில் முட்டையோடு மெலிந்தது. கூடையில் அடுக்கும்போதே உடைந்தது. வியாபாரி கூடைகளைத் திருப்பி அனுப்பினார்.

இதன் காரணத்தைக் கால்நடை மருத்துவர் ஒருவர் விளக்கினார். சிறுகுடலில் பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாக்கும். கணையநீர் அதனைப் பிளக்கும். கடலை, சூரியகாந்தி முதலிய எண்ணெய்கள் இதற்கு எளிதில் இணங்கும். உறையும் கொழுப்பு அவ்வளவு இணங்குவதில்லை. அதிலிருந்து பிரியும் அமிலம் சுண்ணாம்புச் சத்தோடு கூடிச் சவுக்காரமாகிவிடுகிறது. நாம் துணி வெளுக்கும் சவுக்காரம் நீரிற் கரையும். இதுவோ கரையாமல் எச்சத்தோடு வெளியேறும். கொழுப்பும் போயிற்று, சுண்ணாம்பும் போயிற்று! ஒரு முட்டையோட்டுக்கு மட்டும் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். ஆதலின் இறைச்சிக் கோழியினும் முட்டைக் கோழிக்கே இவ்விழப்புக் கொடிது.

தக்க எண்ணெயை அளவோடு சேர்த்தாலோ தீனி குடலில் மெல்ல நகரும். சரக்கு வண்டி நிலையத்தில் சற்றுக் கூடுதலாக நின்றால் மூட்டைகள் மிச்சமின்றி இறங்கும் அல்லவா? அவ்வாறே புரதமும் மாவும் நன்கு செரிக்கின்றன. ஏ, டி, ஈ, கே வைட்டமின்களும் கொழுப்பின் துணையாலேயே உடலிற் சேரும்.

நிலக்கடலை விளையும் சித்தூர்ச் சீமையில் செக்குப் பிண்ணாக்கிலேயே எண்ணெய் எஞ்சி நின்றது. கரைப்பான் கொண்டு ஆலையில் வடித்த பிண்ணாக்கில் நூற்றுக்கு ஒரு பங்களவே மிஞ்சும். அரிசித் தவிட்டில் எண்ணெய் உண்டு. ஆயின் அரைத்த சில நாட்களிலேயே காறிப்போகும். காறல் ஈ வைட்டமினை அழிக்கும். ஆகையால் தவிட்டை முகர்ந்து பார்த்தே வாங்குங்கள். பிண்ணாக்கில் பூஞ்சையையும் பாருங்கள். 1960இல் இங்கிலாந்தில் ஏறக்குறைய ஒரு லட்சம் வான்கோழிகள் மாண்டது பூஞ்சை பிடித்த கடலைப் பிண்ணாக்கினால்தான்.

தமையனார் மாட்டுக் கொழுப்பை நிறுத்தினார். இப்பொழுது தீனியில் நூற்றுக்கு இரண்டு பங்கு எண்ணெய் கலக்கிறார். ஓடு பெரும்பாலும் இரவில் உருவாவதால் மாலைதோறும் கிளிஞ்சல் நொறுக்கைத் தனியே வைக்கிறார். சென்ற மாதம் புத்தூருக்குப் போன கூடைகளில் ஒன்றும் திரும்பி வரவில்லை.