பன்மொழியாளர் என்பவர் யார்?



இன்று நாம் 'பன்மொழியாளர்' என்னும் சொல்லின் பொருளையும் வழக்கையும் காண்போம். 'பன்மை' என்பதில் 'மை' கெட்டு, 'மொழி' சேர்ந்து 'பன்மொழி' ஆயிற்று. பல மொழிகளைக் கையாள வல்லவர் பன்மொழியாளர். இரண்டு மட்டும் அறிந்தவர் இருமொழியாளர்.

இச்சொல் மனிதரையே குறிக்கும். பல மொழிகளில் பொருள் கூறும் நூல் பன்மொழி அகராதி. அதனைப் 'பன்மொழியாளர் அகராதி' என எழுதுவது பிழை. 'பன்மொழிப் புலவர்' என்பதோ பல மொழிகளை ஆழ்ந்து கற்றவருக்குரிய சிறப்புப் பெயர். தெ. பொ. மீனாட்சிசுந்தரனாரைத் (1901–1980) தமிழுலகம் அவ்வாறு அழைத்தது. புலவராக இல்லாதவரும் பன்மொழியாளராக இருக்கலாம்.

முற்காலத்தில் 'துபாஷி' என்ற சொல்லும் வழங்கியது. இரு பாஷை அறிந்தவர் என்பது அதன் பொருள். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கவர்னர் துய்ப்ளேக்ஸிடம் துபாஷியாக இருந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை. நம் பிள்ளைகள் பள்ளியில் சொல்லும் 'பஹாசா' என்ற மலாய்ச் சொல்லும், 'பாஷை' என்பதும் ஒரே வடமொழிச் சொல்லிலிருந்து பிறந்தவையே.

பன்மொழியாளருக்கு உதாரணம் தேடி நாம் கடல் கடக்க வேண்டியதில்லை. மலாக்காவில் பிறந்த முன்ஷி அப்துல்லா, அரபு, தமிழ் முன்னோர் வழி வந்தவர். ராபிள்ஸ் துரையிடம் எழுத்தராக இருந்தவர். வெள்ளையர் பலருக்கு மலாய் கற்பித்தவர். 1849-இல் அச்சான தம் வரலாற்று நூலில், சிறுவயதில் தந்தையார் தம்மைத் தமிழ் படிக்க அனுப்பியதைக் கூறுகிறார். அக்காலத்து மலாக்காவில் கணக்கு வழக்குக்கும் வணிகருடன் பேசுவதற்கும் தமிழ் வேண்டியிருந்ததால், வசதியுள்ள குடும்பத்துப் பிள்ளைகள் அதனைக் கற்பது வழக்கமாம். அந்தத் தமிழ் அவருடைய மலாய்ப் புலமைக்குத் தடையாக நின்றதா? இல்லையே!

"வீட்டில் தமிழ் பேசினால் பிள்ளைக்கு மலாயும் ஆங்கிலமும் வராது" என்று பெற்றோர் சிலர் அஞ்சுகிறார்கள். இந்த அச்சம் வேண்டாம். ஒரு மொழியைச் செம்மையாகப் பேசி, கதை கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அடுத்த மொழியைக் கற்க அதுவே துணை.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். "பசாருக்குப் போய் சாயூர் வாங்கினேன்" என்கிறோம். பேச்சில் இது இயல்பே. எனினும், "சந்தைக்குப் போய்க் கீரை வாங்கினேன்" என்று முழுத் தமிழிலும், அதையே முழு மலாயிலும் சொல்லத் தெரிய வேண்டும். நான்கு மொழிகளில் நலம் விசாரிக்க மட்டும் தெரிந்தவரைப் பன்மொழியாளர் என்பதில்லை. அதே வேளையில், லயத்தில் தமிழும், மலாய்க்காரரிடம் மலாயும், சீனர் கடையில் சீனமும் பேசித் தம் காரியத்தை முடித்துவரும் தாய், பள்ளிக்கூடம் போகாதவராயினும், பன்மொழியாளரே.

இன்றிரவு பிள்ளைகளை அருகில் அழைத்து, வீட்டிலுள்ள பத்துப் பொருள்களின் பெயர்களைத் தமிழிலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்லச் செய்வோம். தெரியாததை அவர்களிடமிருந்து நாமும் கற்றுக்கொள்வோம்.